கிஸ்ராவின் வரலாறு நமக்கு எதற்கு?

கடந்த ரமழான் விடுமுறையில் ஒரு நாள். நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. உம்மா குசினியில் கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் விறாந்தையில் அமர்ந்து இஸ்லாமிய நாகரிகப் பாடக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வந்த மாமா பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தார்.

"என்ன மகள் படிக்கிறீங்க?"

"ஸாஸானியப் பேரரசு மாமா. பழைய பாரசீக அரசர்கள்."

"நெருப்பு வணங்கினவங்கட சரித்திரம் எங்களுக்கென்னத்துக்கு மகள்? அல்லாஹ் அவங்கள இல்லாம ஆக்கிட்டான். முடிஞ்ச கதைதானே அது?"

மாமா என் படிப்புக்கு எதிரானவர் அல்லர். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் முதலில் இனிப்பு வாங்கி வந்தவர் அவர்தான். நான் வணிகப் பிரிவை விட்டுக் கலைப் பிரிவைத் தெரிவு செய்தபோது கவலைப்பட்டவரும் அவர்தான். அவருடைய கேள்வியில் கோபம் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை. அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்ததோடு பேச்சு முடிந்துவிட்டது.

சில வாரங்களின் பின் எங்கள் ஆசிரியை ஒருவர் வகுப்பில் ஒரு விடயம் சொன்னார். தொழுகைக்கான அழைப்புக்கு அரபியில் 'அதான்' என்று பெயர். நாம் அதைப் 'பாங்கு' என்கிறோம். அது அரபுச் சொல் அன்று, பாரசீகச் சொல். குரல், கூப்பிடுதல் என்பது அதன் பொருள். அன்று நான் பதில் தெரியாமல் விழித்த நேரத்தில் என் காதில் விழுந்ததே ஒரு பாரசீகச் சொல்லால் நாம் அழைக்கும் ஒலிதான். "முடிந்த கதை" என்று மாமா சொன்னது முடியவில்லை என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. அன்று சொல்லத் தெரியாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

நானூறு ஆண்டு ஆண்டவர்கள்

முதலில் யார் இந்த ஸாஸானியர்கள் என்று சுருக்கமாகப் பார்ப்போம். இன்றைய ஈரானின் தெற்கில் உள்ள பார்ஸ் பகுதியின் தலைவனாக இருந்தவன் அர்தஷீர். அவன் 224ஆம் ஆண்டில் பார்த்திய மன்னனைப் போரில் கொன்று புதிய பேரரசை நிறுவினான். அது 651ஆம் ஆண்டு வரை, அதாவது நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. அதன் தலைநகர் தஜ்லா நதிக்கரையில் இருந்த தெஸிபோன். அரபிகள் அதை மதாயின் என்றார்கள். 'குஸ்ரூ' என்ற அரசப் பெயரே அரபியில் 'கிஸ்ரா' ஆகி, பிறகு பாரசீக மன்னர்கள் எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது.

அர்தஷீரின் மகன் முதலாம் ஷாபூர். உரோமப் பேரரசன் வலேரியனை 260ஆம் ஆண்டில் உயிரோடு சிறைபிடித்தவன் இவன். உரோமப் பேரரசன் ஒருவன் எதிரியிடம் கைதியானது அதுவே முதல் தடவை. நக்ஷே ருஸ்தம் என்ற இடத்தில் மலைப்பாறையில் அந்த வெற்றியைச் சிற்பமாகச் செதுக்கி வைத்தான். குதிரையில் ஷாபூர் இருக்க, உரோமன் முழந்தாளிட்டு நிற்கும் அந்தச் சிற்பம் இன்றும் இருக்கிறது. பிடிபட்ட உரோமக் கைதிகளைக் கொண்டு ஷுஷ்தர் நகரில் அணையோடு கூடிய பாலம் கட்டப்பட்டதாகச் சொல்வார்கள். இரண்டாம் ஷாபூர் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் (309 - 379) ஆட்சி செய்தான். அவன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவனுக்கு முடிசூட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு.

பரீட்சைக்குப் படிக்கும்போது இப்படித்தான் பெயர், ஆண்டு, போர் என்று வரிசையாக மனனம் செய்கிறோம். மாமா கேட்டது சரிதான் என்று எனக்கே சில நேரம் தோன்றியிருக்கிறது. யார் யாரை வென்றான் என்ற பட்டியலோடு வரலாறு நின்றுவிட்டால் அதனால் நமக்கு ஒரு பயனும் இல்லை. அந்த மன்னர்களின் கீழே இருந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், என்ன கண்டுபிடித்தார்கள், எதை நம்மிடம் விட்டுச் சென்றார்கள், ஏன் விழுந்தார்கள் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் அது வரலாறு ஆகிறது.

நீதிமான் என்ற பெயர்

ஸாஸானிய மன்னர்களில் மிகப் புகழ்பெற்றவர் முதலாம் குஸ்ரூ (531 - 579). 'அழியாத ஆன்மா உடையவன்' என்ற பொருளில் அனூஷிர்வான் என்று அழைக்கப்பட்டார். நபி (ஸல்) அவர்கள் பிறந்தது இவருடைய ஆட்சிக் காலத்தில்தான். பிற்கால முஸ்லிம் எழுத்தாளர்களும் இவரை நீதிக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

இவருடைய பெரிய சாதனை வரிச் சீர்திருத்தம். அதைத் தொடங்கியவர் இவருடைய தந்தை குபாத். அரபு வரலாற்று நூல்களில் அதைப் பற்றி ஒரு கதை வருகிறது. வேட்டைக்குப் போன குபாத் ஒரு தோட்டத்தில் ஒரு பெண்ணைக் காண்கிறார். அவளுடைய குழந்தை பழத்துக்குக் கை நீட்டுகிறது. தாய் கையைத் தட்டிவிடுகிறாள். அரசனின் பங்கை அளக்க அதிகாரி இன்னும் வரவில்லை, அதுவரை நாங்கள் தொட முடியாது என்கிறாள். அப்போது வரி என்பது விளைச்சலில் ஒரு பங்கு. அதிகாரி வந்து அளக்கும் வரை விவசாயி தன் தோட்டத்துப் பழத்தையே பறிக்க முடியாது. பழுத்தது அழுகினாலும் காத்திருக்க வேண்டும்.

இந்தக் கதை நடந்ததா, பிறகு சேர்க்கப்பட்டதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதன் பின்னால் இருந்த துன்பம் உண்மையானது. குஸ்ரூ நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தார். பேரீச்சை மரங்களும் ஒலிவ மரங்களும் எண்ணப்பட்டன. கோதுமை, பார்லி விளையும் நிலத்துக்கு ஒரு ஜரீபுக்கு ஒரு திர்ஹம் என்று நிலையான வரி வந்தது. ஆண்டுக்கு மூன்று தவணைகளில் கட்டலாம். தலைவரி இருபது வயது முதல் ஐம்பது வயது வரையானவர்களுக்கு மட்டும். இப்போது விவசாயிக்குத் தான் கட்ட வேண்டியது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். அவன் பழுத்ததைப் பறிக்கலாம்.

நம் பாடத்தோடு இதற்குத் தொடர்பு எங்கே என்று கேட்டால், இங்கேதான். உமர் (ரழி) அவர்கள் ஈராக்கின் நிலங்களை அளந்து வரி விதித்தபோது குஸ்ரூவின் இந்த ஏற்பாட்டையே பின்பற்றினார்கள் என்று தபரி எழுதுகிறார். யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று பதிவேடு வைக்க உமர் (ரழி) ஏற்படுத்திய 'தீவான்' என்பதும் பாரசீகச் சொல்தான். ஈராக்கின் கணக்குப் புத்தகங்கள் கலீபா அப்துல் மலிக்கின் காலம் வரை பாரசீக மொழியிலேயே எழுதப்பட்டன. அதைவிட எனக்கு வியப்புத் தந்தது நாணயம். முஸ்லிம் ஆளுநர்கள் முதலில் வெளியிட்ட வெள்ளி நாணயங்களில் பழையபடி கிஸ்ராவின் தலையும் நெருப்புப் பீடமும் இருக்க, ஓரத்தில் மட்டும் 'பிஸ்மில்லாஹ்' என்று அரபியில் பொறிக்கப்பட்டிருந்தது. பல பத்தாண்டுகள் அந்த நாணயத்தால்தான் கொடுக்கல் வாங்கல் நடந்தது. அவர்களின் ஈமான் அதனால் குறைந்துவிடவில்லை. நல்ல ஏற்பாட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்; மாற்ற வேண்டியதை நேரம் வந்தபோது மாற்றினார்கள்.

ஆனால் அனூஷிர்வானைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவளாவேன். அந்தத் தலைவரியில் பிரபுக்கள், படைவீரர்கள், மதகுருமார், அரச எழுத்தர்கள் ஆகியோருக்கு விலக்கு இருந்தது. அதாவது உள்ளவனுக்கு விலக்கு, உழைப்பவனுக்கு வரி. ஏழைக்கும் சொத்தில் பங்கு வேண்டும் என்று பேசிய மஸ்தக் என்பவரையும் அவரைப் பின்பற்றியோரையும் கூட்டமாகக் கொன்றதில் இவருக்குப் பங்கு உண்டு. 540ஆம் ஆண்டில் அந்தாக்கியா நகரைச் சூறையாடி, அதன் மக்களைத் தன் தலைநகருக்கு அருகே கொண்டுவந்து குடியேற்றினார். ஆகவே 'நீதிமான்' என்ற பெயரைக் கேட்டதும் "யாருக்கு நீதி?" என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்வியைப் பாரசீக மன்னர்களிடம் மட்டும் அன்றி, எந்த ஆட்சியாளரிடமும் கேட்கலாம். வரலாறு படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் முதலாவது பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

கதவு திறந்திருந்த காலம்

529ஆம் ஆண்டில் உரோமப் பேரரசர் ஜஸ்டினியன், பழைய மதத்தவர் கற்பிப்பதற்குத் தடை விதித்தார். ஏதென்ஸ் நகரின் தத்துவக் கல்விக்கூடம் மூடப்பட்டது. அங்கிருந்த ஏழு தத்துவ அறிஞர்கள் போக்கிடம் தேடி வந்து சேர்ந்தது குஸ்ரூவின் அரசவைக்கு. அவர்களுக்கு அங்கே நெடுநாள் மனம் ஒட்டவில்லை. ஊர் திரும்ப விரும்பினார்கள். 532இல் உரோமரோடு சமாதான உடன்படிக்கை எழுதியபோது, இவர்கள் பயமின்றித் திரும்பி வாழ இடம் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகக் குஸ்ரூ சேர்த்தார். இரண்டு பேரரசுகளின் உடன்படிக்கையில் ஏழு அறிஞர்களுக்காக ஒரு வரி! இதைப் படித்தபோது எனக்கு அந்த மன்னர் மீது இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

அதே அரசவையில் பர்ஸுயா என்றொரு மருத்துவர் இருந்தார். இந்தியாவுக்குப் போய் அவர் கொண்டுவந்த நூல்தான் பஞ்சதந்திரக் கதைகள். அவர் அதைப் பாரசீகத்தின் பழைய பஹ்லவி மொழியில் எழுதினார். எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஉ அதை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று தந்தார். அங்கிருந்து உலகின் பல மொழிகளுக்கு அது போயிற்று. சிறு வகுப்பில் நாம் தமிழில் படித்த குரங்கும் முதலையும் கதை பாரசீகம் வழியாகப் பக்தாத் போனது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சதுரங்கமும் அப்படித்தான். இந்தியாவில் சதுரங்கம், பாரசீகத்தில் சத்ரங், அரபியில் ஷத்ரன்ஜ். ஆட்டம் முடியும்போது சொல்லும் 'ஷாஹ் மாத்' என்பதில் உள்ள 'ஷாஹ்' பாரசீக அரசன்தான்.

முதலாம் ஷாபூர் போர்க்கைதிகளைக் கொண்டு உருவாக்கிய ஜுந்தீஷாபூர் நகரம் பின்னாளில் மருத்துவத்துக்குப் பெயர்பெற்றது. கிரேக்க, பாரசீக, இந்திய மருத்துவ அறிவு அங்கே ஒன்றுசேர்ந்தது. அங்கிருந்த மருத்துவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். 765ஆம் ஆண்டில் அப்பாஸிய கலீபா மன்ஸூர் நோயுற்றபோது, அந்நகரின் தலைமை மருத்துவர் ஜுர்ஜிஸ் இப்னு புக்தீஷூவைப் பக்தாதுக்கு வரவழைத்தார். அந்தக் குடும்பம் பல தலைமுறைகள் கலீபாக்களுக்கு மருத்துவம் பார்த்தது. முஸ்லிம் உலகம் பெருமைப்படும் மருத்துவமனைகளுக்கு 'பீமாரிஸ்தான்' என்று பெயர். அதுவும் பாரசீகச் சொல்: பீமார் என்றால் நோயாளி.

நாம் மேடைகளில் 'இஸ்லாமியப் பொற்காலம்' என்று பேசுகிறோம். பேச்சுப் போட்டிகளில் நானும் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பொற்காலம் வானத்திலிருந்து விழுந்ததைப் போலவே பேசியிருக்கிறேன். அது விழவில்லை. இந்தியர், கிரேக்கர், பாரசீகர், சிரிய நாட்டுக் கிறிஸ்தவர் என்று பலரிடம் கேட்டும் வாங்கியும் மொழிபெயர்த்தும் முஸ்லிம்கள் அதைக் கட்டினார்கள். நம் முன்னோரின் பெருமை எல்லாம் தாமே கண்டுபிடித்தார்கள் என்பதில் இல்லை. யாரிடமும் படிக்க வெட்கப்படவில்லை என்பதில்தான் இருக்கிறது. அரபு மொழிக்கு முதல் பெரிய இலக்கண நூலை எழுதிய ஸீபவைஹி ஒரு பாரசீகர். அவர் அரபியைக் கற்று அரபிகளுக்கே இலக்கணம் சொன்னார். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அகழியைத் தோண்டியவர்கள்

மாமாவுக்கு நான் சொல்ல விரும்பும் மிக முக்கியமான பதில் இனித்தான் வருகிறது. அது நம் அனைவருக்கும் தெரிந்த வரலாறு.

627ஆம் ஆண்டு. மக்காவின் படையும் அதன் கூட்டாளிகளும் மதீனாவை நோக்கி வருகிறார்கள். ஊரைக் காக்க வழி என்னவென்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்கிறார்கள். பாரசீகத்தில் பிறந்து வளர்ந்த ஸல்மான் பாரிஸி (ரழி) அவர்கள், எங்கள் நாட்டில் குதிரைப்படை வந்தால் நாங்கள் ஊரைச் சுற்றி அகழி தோண்டுவோம் என்கிறார்கள். அரபிகளுக்கு அது பழக்கம் இல்லாத முறை. நெருப்பு வணங்குவோரின் போர்முறை நமக்கு எதற்கு என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டார்கள். தாமும் இறங்கித் தோண்டினார்கள், மண் சுமந்தார்கள். 'கந்தக்' என்ற சொல்லே பாரசீகத்திலிருந்து அரபிக்கு வந்தது.

அதற்கும் முன்பே மக்காவில், சிறிய குழுவாகத் துன்பப்பட்டுக்கொண்டிருந்த முஸ்லிம்கள், பாரசீகருக்கும் உரோமருக்கும் நடந்த போரின் செய்தியைக் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். 614இல் பாரசீகர் ஜெரூஸலத்தைக் கைப்பற்றினார்கள். வேதம் பெற்றவர்கள் தோற்றுவிட்டார்களே என்று முஸ்லிம்கள் வருந்தினார்கள், இணைவைப்போர் மகிழ்ந்தார்கள். உரோமர் சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று ஸூரத்துர் ரூம் அறிவித்தது. 627ஆம் ஆண்டின் இறுதியில் நினிவேயில் உரோமப் பேரரசர் ஹிரக்ளியஸ் பாரசீகரைத் தோற்கடித்தார். பாரசீக வரலாறு தெரியாமல் அந்த ஸூராவின் பின்னணியை நாம் எப்படி விளங்கிக்கொள்வது? பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்கிறது. முடிவைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் எப்படித் தொடங்கினார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

எப்படி விழுந்தார்கள்?

"அல்லாஹ் அவங்கள இல்லாம ஆக்கிட்டான்" என்று மாமா சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எல்லாம் அவன் நாட்டப்படியே நடக்கிறது. ஆனால் அவன் காரணங்களையும் வைத்திருக்கிறான். அவற்றைப் பார்ப்பது நம் கடமை.

இரண்டாம் குஸ்ரூ 602இல் உரோமரோடு தொடங்கிய போர் 628 வரை நீடித்தது. ஜெரூஸலம், எகிப்து என்று பாரசீகம் பரந்தது. வரைபடத்தில் பார்த்தால் அதுதான் அவர்களின் உச்சம். ஆனால் இருபத்தாறு ஆண்டுப் போர் கருவூலத்தையும் மனிதர்களையும் தின்றுவிட்டது. நபி (ஸல்) அவர்களின் கடிதத்தை கிஸ்ரா கிழித்தெறிந்த செய்தியை நாம் ஸீராவில் படித்திருக்கிறோம். 628இல் அவருடைய சொந்த மகன் ஷீரவைஹியே அவரைப் பதவியிறக்கினான், அவர் கொல்லப்பட்டார். அந்த மகன் தன் சகோதரர்களையும் கொன்றான். சில மாதங்களில் அவனும் கொள்ளைநோயில் இறந்தான். அடுத்த நான்கு ஆண்டுகளில் அரியணை கைக்குக் கை மாறியது. சிறுவன் ஒருவன் அமர்ந்தான், தளபதி ஒருவன் அமர்ந்தான். ஆண் வாரிசுகள் ஏறக்குறைய இல்லாமல் போன நிலையில் 630இல் குஸ்ரூவின் மகள் பூரான் அரசியானாள்.

பூரானின் பெயரைச் சொன்னதும் நம் வீடுகளில் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வரும். அதை விளக்குவது உலமாக்களின் பொறுப்பு. உயர்தர மாணவியான நான் அதில் பேச மாட்டேன். வரலாற்று மாணவியாக ஒன்றை மட்டும் சொல்கிறேன். பூரான் கையில் கிடைத்தபோதே அந்தப் பேரரசு உடைந்திருந்தது. உடைத்தவர்கள் அவளுடைய தந்தையும் சகோதரனும் தளபதிகளும். அவள் இடிந்த பாலங்களைச் சீர்செய்யச் சொன்னாள், மக்களின் வரி நிலுவையைத் தள்ளுபடி செய்தாள் என்று தபரி பதிவு செய்திருக்கிறார். உரோமரோடு சமாதானம் பேசத் தூதுக்குழு அனுப்பினாள். அவள் உருவம் பொறித்த நாணயங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்றரை ஆண்டு அளவில் அவள் ஆட்சி முடிந்தது. ஒரு வீழ்ச்சிக்குக் கடைசியாக நின்றவர் மீது முழுப் பழியையும் போடுவது நீதி ஆகாது. அது பெண்ணாக இருந்தாலும் சரி, 632இல் அரியணை ஏறிய இளைஞன் மூன்றாம் யஸ்தகிர்த் ஆக இருந்தாலும் சரி.

அதன் பின் நடந்தது நம் பாடத்தில் விரிவாக இருக்கிறது. காதிஸிய்யாப் போர், 637இல் மதாயின் வெற்றி, 642இல் நஹாவந்த், 651இல் மர்வ் அருகே யஸ்தகிர்த் கொல்லப்பட்டமை. மதாயினில் கிஸ்ராவின் மாளிகையின் பெரிய செங்கல் வளைவு இன்றும் நிற்கிறது. அகலம் இருபத்தைந்து மீற்றர் அளவு. இரும்பு இல்லை, சீமெந்து இல்லை. அந்த வளைவுக்குப் பக்கத்து ஊரில்தான் ஸல்மான் பாரிஸி (ரழி) அவர்கள் அடங்கியிருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவர்கள் மதாயினுக்கே ஆளுநராக இருந்தவர்கள். சம்பளத்தைத் தர்மம் செய்துவிட்டு, ஓலை முடைந்து விற்ற காசில் வாழ்ந்தார்கள் என்று படித்திருக்கிறோம். கிஸ்ராவின் வளைவும் ஸல்மானின் ஓலைக்கூடையும் ஒரே ஊரில்! ஒன்றைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதன் அளவு விளங்கும்.

நம் கரைக்கும் வந்தார்கள்

இது எங்கோ தூரத்துக் கதை என்று எண்ண வேண்டாம். ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற வணிகர் எழுதிய நூலில் நம் இலங்கைத் தீவு வருகிறது. பாரசீகக் கப்பல்கள் இங்கே வந்தன என்றும், பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு இங்கே ஒரு தேவாலயம் இருந்தது என்றும், இத்தீவின் அரசன் பாரசீகத்திலிருந்து குதிரைகள் வாங்கினான் என்றும் அவர் எழுதுகிறார். உரோம வணிகன் ஒருவனும் பாரசீக வணிகன் ஒருவனும் எங்கள் அரசனே பெரியவன் என்று நம் அரசன் முன் வாதாடி, இருவரும் தத்தம் நாணயங்களைக் காட்டிய சுவையான கதையும் அதில் உண்டு. மன்னாருக்கு அருகே மாந்தையில் தோண்டிய ஆய்வாளர்களுக்கு ஸாஸானியக் காலத்து மட்பாண்டத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இஸ்லாத்துக்கு முன்பே பாரசீகரும் அரபிகளும் வந்துபோன அந்தக் கடற்பாதையில்தான் பின்னர் முஸ்லிம் வணிகர்களும் வந்தார்கள். நாம் சாப்பிடும் புரியாணிக்கும் பெருநாளன்று குடிக்கும் பலூதாவுக்கும் பெயர் தந்தது அதே மொழிதான்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். நம் சமூகத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று, பிறருடைய வரலாற்றைப் படித்தால் பிள்ளைகளின் மனம் மாறிவிடுமோ என்ற பயம். மற்றது, வரலாறு படித்தால் தொழில் கிடைக்காதே என்ற பயம். இரண்டாவது பயத்தை நான் மதிக்கிறேன். வீட்டுச் செலவைச் சுமக்கும் பெற்றோருக்கு அது நியாயமானது. அதற்கு நான் என் பெறுபேற்றால்தான் பதில் சொல்ல வேண்டும். முதலாவது பயத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பாரசீகர்களைப் பற்றி இவ்வளவு படித்த பின் எனக்கு நெருப்பின் மீது பக்தி வரவில்லை. ஸல்மான் (ரழி) அவர்கள் எதை விட்டுவிட்டு வந்தார்கள், எதைக் கையோடு கொண்டு வந்தார்கள் என்பதுதான் விளங்கியது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டில் பல இனத்தவர் சேர்ந்து வாழ்கிறோம். முஸ்லிம்களின் வரலாற்றை மற்றவர்கள் சரியாகப் படிக்க வேண்டும், நம்மைப் பற்றித் தவறாக எண்ணக் கூடாது என்று எதிர்பார்க்கிறோம். அது நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் மற்றவர்களின் வரலாற்றை "நமக்கு எதற்கு?" என்று நாம் மூடி வைத்தால், அவர்களும் நம்முடையதை அப்படியே மூடி வைக்கும்போது என்ன சொல்லிக் கேட்பது?

தோழிகளே, பாடப்புத்தகத்தில் ஒரு மன்னனின் பெயர் வந்தால் ஆண்டை மட்டும் மனனம் செய்துவிட்டுப் போகாதீர்கள். அவன் ஆட்சியில் அந்தக் குழந்தையால் பழத்தைப் பறிக்க முடிந்ததா என்று கேளுங்கள். பெற்றோரே, உங்கள் மகள் தனக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு நூலோடு அமர்ந்திருந்தால், எதற்கு என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்றும் கேளுங்கள். எங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை மாமாவிடம் கொடுக்கப்போகிறேன். அவர் முழுவதையும் ஏற்றுக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாசித்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்பார். இந்த முறை பாங்கு சொல்லும் முன்பே பதில் சொல்லிவிடலாம் என்று நம்புகிறேன், இன்ஷா அல்லாஹ்.